கடைப்பதம்

தைப்பனிக்குப் பயந்து, மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த மக்காச்சோளத்தைக் கூட்டிக் குவித்துத் தார்ப்பாயால் மூடிவிட்டு, அந்தக் குவியலை ஒட்டியே இரண்டு நாற்காலிகளைப் போட்டு நானும் என் அக்கா மகனும் உட்கார்ந்திருந்தோம். 2025ஆம் ஆண்டு மாட்டுப்பொங்கல் இரவு. மேற்கே கல்வராயன் மலை இருட்டுக்குள் இன்னோர் இருட்டாகக் கிடந்தது. கீழே சித்தி தொலைக்காட்சியை அணைக்காமலேயே தூங்கிப்போயிருந்தார். அவன் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வரும்போது கொண்டுவரும் பெட்டியில் சாக்லேட்டுகளுக்கும் மூட்டுவலித் தைலங்களுக்கும் அடியில், பழைய பனியன் ஒன்றில் சுற்றி, ஒரு புட்டி இருந்தது.

“மாமா, இது பர்பன். ஆனா சும்மா பர்பன் இல்ல. சிவப்பு ஒயின் வச்சிருந்த பீப்பாய்ல ரெண்டாந்தரம் ஊற வச்சது. நீங்கதான் காடு கழனின்னு எல்லாத்தையும் எழுதுறீங்களே, இதையும் ருசி பார்த்துட்டு எழுதுங்க.”

அவன் விளையாட்டாகச் சொன்னது. எழுதும்படி ஆகிவிட்டது.

வடக்கனந்தல் என்ற பெயர் இதை வாசிக்கும் நண்பர்களில் பலருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கச்சிராயப்பாளையத்தை ஒட்டி, மலையடிவாரத்தில் இருக்கும் பேரூர். பக்கத்தில் கோமுகி அணை. நான் பிறந்தபோது இது தென்னார்க்காடு மாவட்டம். 1993இல் விழுப்புரம் ஆயிற்று. 2019இல் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டமாயிற்று. வீடு இருந்த இடத்திலேயே இருக்க, மூன்று மாவட்டங்களில் குடியிருந்த பெருமை எங்கள் குடும்பத்துக்கு உண்டு. நான் பிழைப்புக்காகப் புதுச்சேரி போய் முப்பது ஆண்டுகள் ஆகின்றன. நிலத்தைச் சித்திதான் ஆள்வைத்துப் பார்த்துக்கொள்கிறார். முன்பு கரும்பும் கம்பும் மரவள்ளியும் விளைந்த காட்டில் இப்போது பெரும்பாலும் மக்காச்சோளம். 2018இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்று தீர்த்தபோதுகூட இந்தச் சுற்றுவட்டாரம் அதை விடவில்லை. விளைவதில் பெரும்பங்கு கோழித்தீவனத்துக்குப் போகிறது. நாமக்கல் கோழிகள் சாப்பிட்டது போக, ஒரு கைப்பிடியைக்கூட நாங்கள் சமைத்துச் சாப்பிடுவதில்லை.

ஆகவே, பர்பன் என்பது மக்காச்சோளத்தில் வடிக்கப்படுவது என்று அவன் சொன்னதும் நான் முதலில் திரும்பிப் பார்த்தது புட்டியை அல்ல, தார்ப்பாயை. சட்டப்படி அதன் தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும். பெரும்பாலான வடிசாலைகளில் எழுபதுக்கு மேலேயே இருக்கும். மீதி ரை என்ற புல்லரிசியும் முளைகட்டிய பார்லியும். அது அமெரிக்காவில்தான் தயாராக வேண்டும். 1964இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதைத் தன் நாட்டுக்கே உரிய சரக்கு என்று தீர்மானமே போட்டிருக்கிறது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த விதி பீப்பாய் பற்றியது. உட்புறம் நெருப்பிட்டுக் கரியாக்கிய, புத்தம்புதிய ஓக் மரப் பீப்பாயில்தான் பர்பனை ஊற வைக்கலாம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மறுமுறை பர்பனுக்கு ஆகாது. நம் ஊரில் பானையைப் பழக்கித்தான் சமைப்பார்கள். பழகிய பானைக்கு இருக்கும் மதிப்பு புதுப்பானைக்குக் கிடையாது. அவர்களுக்கு நேர்மாறு.

வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட அந்தப் பீப்பாய்கள் கப்பலேறி உலகம் சுற்றுகின்றன. பெரும்பகுதி ஸ்காட்லாந்துக்குப் போகிறது. கொஞ்சம் நம் பக்கமும் வருகிறது. 1948இல் தொடங்கப்பட்ட பெங்களூர் அம்ருத் வடிசாலை, 2004இல் தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் அறிமுகம் செய்து வெள்ளைக்காரர்களைத் திகைக்க வைத்ததே, அந்த மால்ட் உறங்கியதும் பழைய பர்பன் பீப்பாய்களில்தான். பீப்பாயின் மரத்துளைகள் வழியே ஆண்டுதோறும் கொஞ்சம் ஆவியாகிப் போவதை அந்தத் தொழிலில் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். ஸ்காட்லாந்தில் இரண்டு விழுக்காடு போனால் பெங்களூர் வெக்கையில் பத்துக்கு மேல் போய்விடும். அம்ருத் தன் மூத்த விஸ்கி ஒன்றுக்குப் ‘பேராசைத் தேவதைகள்’ என்று பொருள்படப் பெயர் வைத்தது அதனால்தான். (நம் ஊர்த் தேவதைகளுக்குப் பசி அதிகம் என்பது ஆடி மாதத்தில் வந்து பார்த்தால் தெரியும்.)

இரண்டாவது பீப்பாய்க்கு வருகிறேன். அவன் கொண்டுவந்தது லீஜென்ட் என்ற பெயருடையது. பீம் குடும்பத்தின் ஏழாம் தலைமுறைக்காரரான பிரெட் நோவும், சன்டோரி நிறுவனத்தின் தலைமைக் கலவையாளரான ஷின்ஜி புகுயோவும் சேர்ந்து 2019இல் வெளியிட்டது. பீம் நிறுவனத்தை ஜப்பானின் சன்டோரி 2014இல் வாங்கியது. அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் கென்டக்கி முறைப்படி கரியிட்ட புதுப்பீப்பாயில் ஊறுகிறது. பிறகு ஒரு பகுதியைச் சிவப்பு ஒயின் இருந்த பீப்பாயிலும், இன்னொரு பகுதியை ஷெரி இருந்த பீப்பாயிலும் மாற்றி ஊற்றி வைக்கிறார்கள். கடைசியில் மூன்றையும் கலக்கிறார்கள். நாற்பத்தேழு விழுக்காடு வீரியம். இப்படிக் கடைசியில் ஒருமுறை பீப்பாய் மாற்றும் வழக்கம் ஸ்காட்லாந்தில் 1980களில் பால்வெனி வடிசாலையின் டேவிட் ஸ்டூவர்ட் போன்றவர்களால் நிலைபெற்றது. அமெரிக்கர்கள் பின்னால்தான் பிடித்துக்கொண்டார்கள். போர்ட் ஒயின் பீப்பாயில் முடித்த ஏஞ்சல்ஸ் என்வி, நாபா பள்ளத்தாக்குத் திராட்சை மதுப் பீப்பாயில் முடித்த ஜெஃபர்சன்ஸ் என்று இன்று ஒரு வரிசையே இருக்கிறது.

இந்தக் கடைசி ஊறலை ஆங்கிலத்தில் முடிப்பு என்ற பொருளில்தான் குறிக்கிறார்கள். எனக்கு அது வெல்லம் காய்ச்சும் கொட்டகையின் சொல்லாகத்தான் கேட்டது. கொப்பரையில் சாறு கொதித்துப் பாகாகி, இறக்கலாமா கூடாதா என்று நிற்கும் நேரம் ஒன்று இருக்கிறதே, அது. கடைப்பதம் என்று எனக்குள் பெயர் வைத்துக்கொண்டேன்.

டீக்கடைக் கண்ணாடி கிளாஸ்கள் இரண்டில் விரற்கடை அளவு ஊற்றினான். முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் பார்த்தால் நன்றாகக் காய்ந்த பனங்கற்கண்டின் நிறம், அடியில் சிறிது செம்மை. குடிக்கக்கூடாது, முதலில் மோந்து பார்க்க வேண்டும் என்றான். வாயைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு மோந்தால் வீரியம் மூக்கைக் குத்தாதாம். செய்தேன். முதலில் வந்தது வெல்லம். பிறகு வெனிலா என்று கடைகளில் விற்கிறார்களே அந்த மணம். மரத்தை நெருப்பில் வாட்டும்போது அதன் உடலிலிருக்கும் லிக்னின் உடைந்து தருவது அது. தேங்காய்ப் பத்தையின் மெல்லிய வாசமும் ஓக் மரத்தினுடையதே. இவையெல்லாம் முதற்பீப்பாயின் கொடை. அதற்கடுத்து, கொஞ்சம் நேரம் விட்டு, பழ வாசனை ஒன்று எழுந்தது. திராட்சை என்று சொல்வதற்குத் தயாராக இருந்தேன். ஆனால் அது நாவற்பழமாக இருந்தது. கோமுகி ஆற்றங்கரையில் விழுந்து நசுங்கி, மதியத்தில் லேசாகப் புளித்துக் கிடக்கும் நாவற்பழம்.

நாக்கில் வைத்ததும் இனிப்பு முன்னே வந்தது. விழுங்கிய பின் துவர்ப்பு. ஈறோரங்களில் பற்றிக்கொள்ளும் துவர்ப்பு. சிவப்பு ஒயின் திராட்சைத் தோலோடும் விதையோடும் புளிப்பது. அந்தத் துவர்ப்பு பீப்பாய்ப் பலகைக்குள் சில மில்லிமீட்டர் ஆழம் வரை ஊறியிருக்கும். அதைத்தான் விஸ்கி மெல்ல உறிஞ்சி எடுக்கிறது. கடுக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தவர்களுக்கு இந்த வரிசை தலைகீழாகத் தெரியும்: அங்கே துவர்ப்பு முதலில், இனிப்பு பிறகு.

கடுக்காய் என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மலை நினைவுக்கு வரும். ஜாகிர்தார்கள் கையிலிருந்து 1976இல் அரசுக்கு வந்த கல்வராயன் மலையில், கடுக்காயும் வேலம்பட்டையும் வெல்லமும் போட்ட ஊறல்கள் அழிக்கப்பட்ட செய்தி வராத ஆண்டு என் நினைவில் இல்லை. “பட்டச் சாராயம்” என்று அதைக் குடித்தவர்கள் ஒருவித மரியாதையோடு சொல்வார்கள். சாராயத்துக்குள் மரம் வேண்டும் என்பதைக் கென்டக்கிக்காரனும் கல்வராயன் மலைக்காரனும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கிறார்கள். ஒருவன் சாராயத்தை மரத்துக்குள் வைத்தான்; மற்றவன் மரத்தைச் சாராயத்துக்குள் போட்டான்.

இலக்கிய வாசகர்களுக்கு மலைபடுகடாம் நினைவுக்கு வந்திருக்கும். இங்கிருந்து வடக்கே, தென்பெண்ணையைத் தாண்டினால் வரும் செங்கத்து நன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட நூல் அது. வழிப்போக்கரான கூத்தர்களுக்கு மலைமக்கள் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலைக் கொடுப்பதைப் பெருங்கௌசிகனார் சொல்கிறார். யவனர் கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த நறுந்தேறலைப் பாண்டியனுக்குப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தருவதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடுகிறார். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது கிடைத்த மதுச்சாடி உடைசல்கள் அந்தப் பாட்டுக்குச் சாட்சி. உடனே ‘எல்லாம் நம்மிடமே இருந்தது’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். மூங்கிலில் முதிர்ந்தது தேனிலோ அரிசியிலோ புளித்த கள்வகை. வாலையில் வடித்தது அல்ல. எனக்கு அதில் பிடித்தது, எதை ஊற்றி வைத்தோம் என்பது போலவே எதில் ஊற்றி வைத்தோம் என்பதையும் ஒரு புலவர் கவனித்திருக்கிறார் என்பதுதான்.

அவன் கைப்பேசியில் இந்தப் புட்டியைப் பற்றியும் இதைப் போன்றவற்றைப் பற்றியும் ருசி தெரிந்தவர்கள் எழுதிய குறிப்புகளை வாசித்துக்காட்டினான். உலர்ந்த திராட்சை, தோல், புகையிலை, கறுவா. பிறகு பழைய பர்பன் ஒன்றைப் பற்றிய புகழுரை: பளபளப்பாக மெருகேற்றிய மரச்சாமானின் வாசம்.

“பர்னிச்சர் பாலிஷ் வாசம் வந்தா நல்ல சரக்குன்னு அர்த்தமாம் மாமா. வார்னிஷ் வாசம்.”

மீண்டும் மோந்து பார்த்தேன். இருந்தது. வெல்லத்துக்கும் நாவற்பழத்துக்கும் மேலே, முதல் நொடியில் மட்டும் எட்டிப்பார்த்து ஓடிவிடும் ஒரு வாசம். இத்தனை நேரம் அதை நான் வேறு பெயர்களால் மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

1975. எனக்கு ஒன்பது வயது. 1971இல் தளர்த்தப்பட்ட மதுவிலக்கு 1974இல் திரும்ப வந்திருந்தது. குடித்துப் பழகிய உடம்புகளுக்குச் சட்டம் மாறியது தெரியவில்லை. மலைச்சாராயம் கிடைக்காத நாட்களில் தச்சர்கள் மரச்சாமானுக்கு அடிக்கும் வார்னிஷை, பிரெஞ்சு பாலிஷை, ஏதேதோ செய்து குடிக்கும் பழக்கம் பல ஊர்களில் பரவியிருந்தது. என் சித்தப்பா அப்படியொன்றும் பெருங்குடிகாரர் அல்லர். ஆலையாடும் பருவத்தில், இரவு முழுக்கக் கொப்பரையடியில் நின்ற அலுப்புக்கு, வாரம் ஒருநாள் இரண்டு நாள். அவருக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுக் கையில் காசைத் திணித்து, “வண்டிப்பட்டறைக்குப் பின்னால நிப்பாரு, குடுப்பாரு, வாங்கிட்டு ஓடியா” என்றார். போனேன். மருந்துப்புட்டி ஒன்றில் கொடுத்தார்கள். மூடி இல்லை; செய்தித்தாளைச் சுருட்டித் தக்கையாக வைத்திருந்தது. டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டு, கையால் அழுத்திப் பிடித்தபடி வரப்பு வழியே ஓடிவந்தேன். மீதிக் காசில் ஐந்து காசுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார். அதையும் வாங்கித் தின்றுகொண்டே வந்தேன்.

மறுநாள் காலை அவர் திண்ணையில் உட்கார்ந்து, ஏன் இன்னும் விடியவில்லை என்று கேட்டார். வெயில் வாசலில் விழுந்து கிடந்தது.

மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தின்கிறது என்பதை இப்போது பள்ளிப்பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். இன்னொன்றும் இருக்கிறது. நல்ல சாராயம், அதாவது எத்தனால், அந்த மாற்றத்தைத் தடுக்கிறது. ஆகவே நேரத்தில் போய்ச் சேர்ந்தால் மருத்துவமனையில் மாற்று மருந்தாகவே அதைக் கொடுப்பதுண்டு. ஃபோமெபிசோல் என்ற மருந்தும் வந்திருக்கிறது. அந்த அறிவு அன்று எங்கள் திண்ணை வரை வந்திருக்கவில்லை. கள்ளக்குறிச்சிக்கும் பிறகு கடலூருக்கும் கொண்டுபோய்த் திரும்பி வந்தார்கள். உயிர் இருந்தது. கண் போயிருந்தது.

யார் வாங்கிவந்தது என்று பாட்டி நெஞ்சிலடித்துக்கொண்டு கேட்டார். “நானே போய் வாங்கினேன்” என்றார் சித்தப்பா. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அதன் பிறகு இருபத்தொன்பது ஆண்டுகள் அவர் இருந்தார். 2004இல் இறந்தார். அத்தனை ஆண்டுகளிலும் தனியே இருந்த எந்த நேரத்திலும் அவர் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசியிருக்கலாம், சந்தர்ப்பங்கள் இருந்தன. பக்கத்து வீடுகளில் கண் தெரியாதவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்பார்கள், இவர் உட்காரவில்லை. ஆலைக்கொட்டகைக்கு அவரைக் கைப்பிடித்து அழைத்துப்போவது என் வேலையாயிற்று. கொப்பரைக்குப் பக்கத்தில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, ஆவியை மோந்தே பாகின் பதத்தைச் சொல்வார். “இப்ப பச்ச வாசம் போயிருச்சு. இப்ப நொர வாசம். இன்னம் கொஞ்சம். ம், எறக்கு.” ஒரு நொடி முந்தினால் அச்சில் நிற்காது, பிந்தினால் காந்திவிடும். கண்ணுள்ள ஆட்கள் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பதற்குள் அவர் சொல்லிவிடுவார். எந்தக் காட்டுக் கரும்பு என்று வெல்லத்தை மோந்தே சொல்வார். கிணற்றடிக் காட்டில் லேசாக உப்பு இருக்கும். நிறத்துக்காக ஹைட்ரோஸ் போட்ட வெல்லத்தை யாராவது கொடுத்தால் கையில் வாங்கியதுமே திருப்பிக் கொடுத்துவிடுவார். “மூஞ்சிக்குப் பவுடர் போட்டிருக்கு” என்பார். கச்சிராயப்பாளையம் கூட்டுறவு ஆலைக்குக் கரும்பை வெட்டி அனுப்புவது வழக்கமான பிறகு கொட்டகை நின்றது. அவர் மூக்குக்கு வேலை குறைந்தது. ஆலைப்பக்கமிருந்து காற்றில் வரும் கழிவுப்பாகின் வாசத்தை மட்டும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

(அந்தக் கழிவுப்பாகுதான் வடிசாலைக்குப் போய், சாயமும் வாசனையும் ஏற்றி, நம் நாட்டு மலிவு விலை பிராந்தி என்றும் விஸ்கி என்றும் பெரும்பாலும் திரும்பி வருகிறது. 2003இலிருந்து சில்லறையிலும் அரசாங்கமே அதை விற்கிறது. அவர் அதைத் தொட்டதில்லை.)

அவ்வளவு மூக்கும் அந்த ஒருநாள் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று நான் வெகுகாலம் நினைத்திருக்கிறேன். அந்த மூக்கு கண் போன பின் வந்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. அது உண்மையல்ல. அதற்கு முன்பும் அவர்தான் பதம் பார்ப்பவர். ஒரே ஒருமுறை, யாரோ கேட்டதற்கு, அவர் சொன்னது என் காதில் விழுந்தது: “நல்லாத்தான் இருந்துச்சு.” மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் வாசத்திலோ சுவையிலோ குடிக்கிறவன் கண்டுகொள்ளும்படியான வேறுபாடு கிடையாது என்பதைப் பின்னாளில் படித்தபோது, அந்த வாக்கியத்தை நான் மறுபடி கேட்டேன்.

2023 மே மாதம் மரக்காணத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரம். பதினெட்டாம் தேதி பாக்கெட்டுகளில் வாங்கிக் குடித்தவர்கள் மறுநாளிலிருந்து சாகத் தொடங்கினார்கள். அறுபதுக்கும் மேல். பெண்களும் அதில் உண்டு. கள்ளக்குறிச்சியிலும் சேலத்திலும் விழுப்புரத்திலும் இடம்போதாமல் புதுச்சேரி ஜிப்மருக்கும் கொண்டுவந்தார்கள். நான் அந்த வழியாகத்தான் தினமும் நடப்பேன். ஆம்புலன்ஸ்கள் வரிசையாக உள்ளே போவதைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். வெளியே ஒரு பையன், பத்து வயதிருக்கும், ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். யாருடன் வந்தானோ. அவனிடம் போய் ஏதாவது கேட்க வேண்டுமென்று தோன்றியது. எதைக் கேட்க நினைத்தேன் என்பது எனக்குத் தெரியும்; அதனால் கேட்கவில்லை.

இவ்வளவையும் நான் அக்கா மகனிடம் சொல்லவில்லை. சித்தப்பா பற்றி அவனுக்குக் குடும்பக்கதையாகத் தெரியும். என் டவுசர் பை தெரியாது. “என்ன மாமா, பிடிக்கலியா?” என்றான். கொஞ்சம் தண்ணீர் விடச் சொன்னேன். தண்ணீர் பட்டதும் விஸ்கி இன்னும் திறந்துகொள்ளும் என்று அவனே முன்பு சொல்லியிருந்தான். விட்டான். வார்னிஷ் அடங்கிவிட்டது. ஓக் பலகையின் வாசமும், எங்கோ அடியில், கொப்பரையின் அடிப்பாகு வாசமும் வந்தன.

ருசியைப் பற்றி என் தீர்ப்பைக் கேட்டால், இரண்டாம் பீப்பாய் என்பதை நான் பாதி மனதோடுதான் ஏற்கிறேன். ஒயின் பீப்பாயில் முடித்தவற்றை வெறும் பர்பன் என்று முகப்பில் போட அமெரிக்காவில் அனுமதியில்லை; இன்ன பீப்பாயில் முடித்தது என்று சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் கறார் எனக்குப் பிடித்திருக்கிறது. முதற்பீப்பாயில் சரியாக விளையாத சரக்கின் குறையை மறைக்க இரண்டாவது பீப்பாயைத் தேடுகிறவர்களும் உண்டு என்று அக்கா மகனே சொன்னான். முகத்துக்குப் பவுடர். ஆனால் இந்தப் புட்டியில் அப்படியில்லை. இனிப்பு வெறும் இனிப்பாக வழிந்துபோகாமல் அந்தத் துவர்ப்பு ஓர் ஓரத்தில் தாங்கிப் பிடிக்கிறது. ஷெரியின் உலர்திராட்சை வாசம் எனக்குக் கொஞ்சம் அதிகம். மூன்றையும் கலந்தவருக்குப் பதம் தெரிந்திருக்கிறது. எப்போது இறக்க வேண்டும் என்று யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள். ஒன்றரைக் கிளாஸோடு நிறுத்திக்கொண்டேன். அவன் இன்னொன்று ஊற்றிக்கொண்டு தார்ப்பாய்மேல் சாய்ந்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில் நான் விழித்தபோது சித்தி எனக்கு முன்பே மாடியேறியிருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டது, இன்னும் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடிக்க ஆளைக் கூப்பிடமாட்டார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். உதறியதில் பனித்தண்ணீர் முகத்தில் தெறித்தது. நாற்காலியடியில் கிளாஸ்கள் இரண்டும் அப்படியே இருந்தன. ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். நான் திட்டை எதிர்பார்த்து நின்றேன்.

“என்னாடா இது, கொட்டாய் வாசமால்ல இருக்கு.”

“அமெரிக்காவுலேர்ந்து கொண்டாந்தான் சித்தி.”

“உங்க சித்தப்பாரு இருந்தா இன்ன காடுன்னு சொல்லியிருப்பாரு” என்றபடி கிளாஸைச் சேலை முந்தானையால் துடைத்தார்.

நான் சொன்னேன். ஏன் அப்போது சொன்னேன் என்று தெரியவில்லை. ஐம்பது ஆண்டுகளாகத் தேடிய நேரம் அதுவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அக்கா மகன் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அன்னிக்கு அதை வாங்கியாந்தது நான்தான் சித்தி என்று சொல்லி முடித்தபோது என் குரல் ஒன்பது வயதுக் குரலாக இருந்தது.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. குவியலைக் காலால் பரப்பத் தொடங்கியிருந்தார்.

“தெரியுமே. உன் காக்கி டவுசர் பையில அந்த நாத்தம் ஒரு வாரம் போவல. நான்தானே தொவச்சேன். மூணு தரம் சோடா உப்பு போட்டு அலசி, உங்க பாட்டிக்குத் தெரியாம வைக்கப்போருக்குப் பின்னால காயப்போட்டேன்.”

நான் நின்றுகொண்டிருந்தேன்.

“அவருகிட்டயும் சொன்னேன். ‘அவன் சின்னப்பையன், நீ வாயத் தொறக்காத’ன்னாரு” என்றார். பிறகு, “நிக்காத, அந்த ஓரத்துலேர்ந்து தள்ளிக்கிட்டு வா. கட்டிக்கட்டியா ஈரம் இருக்கு பாரு, பூஞ்சை புடிச்சா வியாபாரி எடுக்கமாட்டான்” என்றார்.

அந்த ஓரத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்தேன்.